கிளிப் போடாத ஹெல்மெட்

நோர்ஜ்மா தன் புருஷனுக்கு வாங்கிக் கொடுத்த ஹெல்மெட்டில் தயிர்க்கட்டி காய்ந்துகொண்டிருந்தது.

கூடாரத்துக் கூரைமேல் நல்ல வெயில் படுகிற தெற்குப் பக்கமாகப் பார்த்து மல்லாத்தி வைத்து, உள்ளே வெள்ளைத் துணி விரித்து, கை நிறைய அள்ளிப் போட்டிருந்தான் அந்த மகராசன். தலைநகரத்துச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கி, அவன் தலைச்சுற்றளவை நூலால் அளந்து எடுத்துப்போய் வாங்கிய ஹெல்மெட் அது. நோர்ஜ்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது.

"யோவ் கொங்கோர்! இது என்னய்யா?"

உள்ளே சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்தான். "தெரியல? ஹெல்மெட்டு. நீதான வாங்கியாந்த."

"உள்ள என்ன இருக்கு?"

"தயிர்க்கட்டி. ஈ மொய்க்காம எவ்ளோ அம்சமா காயுது பாரு. காசு வீணாப் போகல."

அவள் ஹெல்மெட்டை எடுத்து அப்படியே கவிழ்த்தாள். தயிர்க்கட்டிகள் புல்லில் உருண்டன. நாய்க்குக் கொண்டாட்டம்.

நோர்ஜ்மா அந்த வட்டாரத்தின் மருத்துவ உதவியாளர். நாற்பத்தேழு வயது, அதில் இருபத்திரண்டு வருஷம் பைக் மேலேயே போய்விட்டது. புல்வெளியில் கூடாரம் போட்டு ஆடு மாடு மேய்க்கிற நூற்றுப் பத்துக் குடும்பங்கள் அவள் பொறுப்பில். ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் நடுவே பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அது பக்கத்து வீடு. பாதை என்று ஒன்றும் கிடையாது. முன்னே போன வண்டியின் சக்கரத்தடம், கல், ஆற்று மணல், நிலத்தணில் தோண்டிய பொந்து, மறுபடியும் கல். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அப்படியொரு பொந்தில் முன்சக்கரம் இறங்கி, முழங்கால் சில்லு நகர்ந்து, ஒரு பகல் முழுக்க வெட்டவெளியில் தனியாகக் கிடந்தாள். எழுந்த பிறகு அவள் ஹெல்மெட், கண்ணாடி, முழங்கால் கவசம், கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் இத்தனையும் இல்லாமல் வண்டியை உதைத்ததே இல்லை.

ஊர் அவளுக்குக் குண்டாத் தலைச்சி என்று பெயர் வைத்தது. தூரத்தில் அவள் வண்டியைக் கண்டதுமே, "குண்டாவ கவுத்துக்கிட்டு டாக்டரு வர்றா, அடுப்பு மூட்டுங்கடா" என்பார்கள். பிறகு அதே ஆட்கள் உடைந்த தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் பல்லைக் கடிப்பார்கள். குதிரைமேல் பிறந்த பரம்பரைக்கு வண்டியில் விழுவது கேவலமாம். ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து செத்தபோது, "குதிரையில இருந்து விழுந்தான்னு எழுதிக் குடு" என்று அவன் அண்ணன் கெஞ்சினான். நோர்ஜ்மா பைக் என்றே எழுதினாள். அந்த வீட்டில் இன்றைக்கும் அவளுக்குத் தேநீர் ஊற்றமாட்டார்கள். போகட்டும், அந்தத் தேநீர் யாருக்கு வேண்டும்?

அவளுக்குப் பொறுக்காதது ஒன்றுதான். ஊரார் காயத்தையெல்லாம் தைத்துக் கட்டுகிறவளின் புருஷன் ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் பறந்தான். அதுவும் நாதாம் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில். கொங்கோர் பந்தயக் குதிரை பழக்குகிறவன். அந்த வருஷம் திருவிழாப் பந்தயத்தில் அவனுடைய செவலைக் குதிரை ஓடுகிறது. குதிரைகள் ஓடும்போது பழக்கினவர்கள் எல்லாரும் பக்கத்திலேயே பைக்கில் கத்திக்கொண்டு போவார்கள். முப்பது நாற்பது வண்டி கிளப்புகிற புழுதியில் முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாது. எவனும் தரையைப் பார்க்கமாட்டான். குதிரையைத்தான் பார்ப்பான்.

"ஹெல்மெட் போடாம நீ அந்தப் புழுதிக்குள்ள போன, திரும்பி என் கூடாரத்துக்குள்ள காலெடுத்து வைக்காத" என்றாள்.

"செவலை மொதல்ல வந்துச்சுன்னா என்ன செய்றது? குண்டாவோட போயி நிக்கவா? ஐராக் கிண்ணத்த வாங்கறப்ப தலையில தொப்பி இல்லன்னா எங்கப்பன் பேரு என்னத்துக்கு ஆகும்?"

ஜெயித்த குதிரையின் நெற்றியில் ஐராக் என்கிற புளித்த குதிரைப்பாலைத் தெளித்து, மிச்சப் பாலைக் குதிரை பழக்கினவனுக்குக் கொடுப்பார்கள். அதை வெறுந்தலையோடு வாங்கினவன் எவனும் இல்லை. கொங்கோரின் தொப்பியோ உச்சியில் குமிழ் வைத்தது. ஹெல்மெட்டுக்குள் அடங்காது.

"தொப்பிய அங்கிக்குள்ள சொருகிக்க. வந்து சேந்ததும் மாத்திக்க."

கொங்கோர் யோசித்தான். "சரி தாயே. குண்டாவ மாட்டிக்கறேன். ஆள விடு."

பந்தயக் காலையில் அவன் அண்ணன் மகள், ஒன்பது வயது, செவலைமேல் ஏறி உட்கார்ந்தாள். பந்தயத்தில் குதிரை ஓட்டுவது பிள்ளைகள்தான்; ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் இல்லாமல் அவர்களை நடுவர்கள் விடமாட்டார்கள். கொங்கோர் அவள் தாடைக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் விட்டுப் பார்த்தான். தளர்வாக இருந்தது. அவிழ்த்து இறுக்கினான். மறுபடியும் விரல் விட்டுப் பார்த்தான். அவ்வளவு அக்கறை! நோர்ஜ்மாவுக்கு மனசு குளிர்ந்தே போய்விட்டது. பிறகு அவன் தன் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு, குதிரைகள் கிளம்புகிற இடத்துக்குப் போனான்.

அவள் முடிவுக்கோட்டின் அருகே மருந்துப்பெட்டியோடு இருக்க வேண்டும். ஐம்பது அடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை, போட்டிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டாள். ஊர்ப் பிள்ளைகளின் கவசத்தையெல்லாம் இழுத்துப் பார்க்கிற கை, அன்றைக்குச் சொந்தப் புருஷன் தாடையில் இரண்டு விரல் விட்டுப் பார்க்கவில்லை. இதற்காக அவள் தன்னை மன்னிக்கப் போவதில்லை.

முதலில் புழுதி தெரிந்தது. பிறகு அந்தப் புழுதியிலிருந்து ஒரு வண்டி பிரிந்து தறிகெட்டு வந்தது. கொங்கோரின் சிநேகிதன் தாம்தின்.

"அக்கா! வாக்கா! மாமா விழுந்துட்டாரு!"

எழுநூறு மீட்டர்தான். அந்த அவசரத்திலும் அவள் ஹெல்மெட்டை மாட்டி, கிளிப்பைப் போட்டு, பிறகுதான் வண்டியை உதைத்தாள்.

நிலத்தணில் பொந்து. முன்சக்கரம் அதில் செருகி நின்றிருந்தது. கொங்கோர் ஒருக்களித்துக் கிடந்தான். காதிலிருந்து ரத்தம். மூச்சு இருந்தது. ஹெல்மெட் பதினைந்து தப்படிக்கு அந்தப் பக்கம், ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அவன் கழுத்துக்குப் பலகை வைத்துக் கட்டும்போது நோர்ஜ்மா அதைப் பார்த்தாள். கிளிப்பைச் சுற்றிக் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. ஒரு தடவைகூட அவன் அதைப் பூட்டவில்லை. முடிவுக்கோட்டில் சட்டென்று கழற்றித் தொப்பியை மாட்டத் தோதாக, சும்மா தலையில் கவிழ்த்திருக்கிறான்.

மூச்சு பார்க்க அங்கியைத் திறந்தாள். மார்போடு அணைத்தாற்போல் தொப்பி இருந்தது. அதில் ஒரு கசங்கல் இல்லை. குமிழ்கூட நேராக நின்றது.

செவலை முதலில் வந்தது.

மாகாண மருத்துவமனையில் பத்தொன்பது நாள். மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். உயிர் தங்கியது. வலது கை பாதி விளங்காமல் போய்விட்டது. பேச்சு வந்தது. ஆனால் காலையில் நடந்தது மத்தியானம் நினைவில் நிற்பதில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம் தாம்தின் பார்க்க வந்தான். வெளியே நிறுத்திய அவன் வண்டியில் கண்ணாடியும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. கொங்கோர் கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோர்ஜ்மா உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

தாம்தின் உறிஞ்சிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "விதிக்கா, என்ன செய்றது? நீயும் சொன்ன, மாமாவும் ஹெல்மெட்டு போட்டாரு. போட்டும் என்ன ஆச்சு? நம்ம வட்டாரம் பூரா இதாங்க்கா பேச்சு. குண்டாவால ஒரு பிரயோசனமும் இல்லன்னு."

நோர்ஜ்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் அழவில்லை. அத்தனையும் உள்ளே கோபமாகக் கிடந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து கொங்கோரின் ஹெல்மெட்டை இழுத்தாள். கிளிப்பில் இருந்த பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்துக் கிழித்துத் துப்பினாள். தாம்தின் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவன் தலையில் கவிழ்த்து, வாரை இறுக்கி, கிளிப்பை டக்கென்று பூட்டினாள்.

"அக்கா, என்னக்கா இது..."

இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து ஒரே இழுப்பு. தாம்தின் முக்காலியிலிருந்து தரைக்கு வந்தான். அவள் விடவில்லை. கூடாரத்து நடுத்தூணைச் சுற்றி, கதவுவரைக்கும், கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்தாள். தேநீர்க் கிண்ணம் கவிழ்ந்தது.

"வருதாடா? கழண்டு வருதா? சொல்லுடா!"

"வரலக்கா... விடுக்கா... கழுத்து..."

"இதாண்டா போடறது! அந்தாளு போடல. தலையில வச்சிருந்தான், அவ்ளோதான். சட்டிய மூடி வைக்கறமாதிரி வச்சிருந்தான். போ, வட்டாரம் பூரா போயிச் சொல்லு. குண்டாத் தலைச்சி புருஷன் கிளிப்பு போடலன்னு சொல்லு. எவனாச்சும் ஹெல்மெட்டு போட்டும் ஆச்சுன்னு இன்னொரு தடவ சொன்னான்னா, அவன் கூடாரத்துக்கே வந்து இப்படியே இழுப்பேன்!"

தாம்தின் தரையில் உட்கார்ந்து கிளிப்பைத் தடவினான். அதை எப்படித் திறப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நாற்பது வயது ஆம்பளை, பதினைந்து வயதிலிருந்து வண்டி ஓட்டுகிறவன், ஒரு கிளிப்பைத் திறக்கத் தெரியாமல் முழித்தான். அவள் உதவவில்லை.

இந்தக் கூச்சலில் கட்டிலில் இருந்தவன் தலை திருப்பினான்.

"நோர்ஜ்மா."

"என்ன?"

"செவலை என்னாச்சு?"

அன்றைக்கு அது நாலாவது தடவை. அவளுக்கு மூச்சு வாங்கியது. "மொதல்ல வந்துச்சுய்யா."

கொங்கோரின் முகம் அப்படியே மலர்ந்தது. முதல் தடவை கேட்கிறவனின் மலர்ச்சி. "வந்துச்சா? அப்ப என் தொப்பிய எடு. ஐராக் குடுப்பாங்க. வெறுந்தலையோட நிக்க முடியாது."

அந்தத் தொப்பியை அடுப்பில் திணிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவளுக்குக் கை துடித்தது. ஆனால் புருஷன் தொப்பியை அடுப்பில் போடுகிற கை அவளுக்கும் இல்லை. அவளும் இந்த ஊர்க்காரிதான். ஆணியிலிருந்து எடுத்தாள். தையல் போட்ட பக்கம் படாமல், மெல்ல அவன் தலையில் வைத்தாள். அவன் இடது கையால் தொட்டுப் பார்த்து, குமிழ் நேராக இருக்கிறதா என்று கேட்டான்.

"நேரா இருக்கு" என்றாள் நோர்ஜ்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

கீழே தாம்தின் கிளிப்பிலிருந்து கையை எடுத்திருந்தான். ஹெல்மெட் பூட்டியபடியே அவன் தலையில் இருந்தது.