கொடிக்கம்பியில் ஒரு கை

போன வருடம் ஐப்பசி மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது இது. இடம், கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு.

நான் சிதம்பரத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தோடு நானும் படிப்பும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். டயோடும் டிரான்சிஸ்டரும் மட்டும் என்னை விடவில்லை.

அக்காவின் மாமியார், எனக்கு அத்தை, கொஞ்ச நாளாக ஒரு விஷயம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கொடிக்கம்பியில் துணி எடுக்கும்போது யாரோ கையைப் பிடிக்கிறார்களாம். சுனாமியில் போன அவர் மகள்தானாம். அக்கா போனில் பயந்து பயந்து சொன்னாள். பேய் என்று கேள்விப்பட்டால் நான் சும்மா விடுவேனா?

மூன்று டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, உச்சியில் ஒரு சாண் ஒயர். எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவில் அடைத்தேன். குழாயடி வம்பு மாதிரிதான் அது வேலை செய்யும். ஒயர் கேட்ட முணுமுணுப்பை முதல் டிரான்சிஸ்டர் பேச்சாக்கும், இரண்டாவது சத்தமாக்கும், மூன்றாவது ஊரைக் கூட்டிவிடும். உடனே எல்இடி எரியும். எல்இடியும் ஒரு டயோடுதான், கரண்ட்டை ஒரு பக்கமாகத்தான் விடும். அதைத் திருப்பிப் போட்டுவிட்டு அரை மணி நேரம் டிரான்சிஸ்டரைத் திட்டியது தனிக் கதை. ஒயரின் அடியில் என் கட்டைவிரல் பட்டால் விளக்கு எரியும். வீட்டு வயரிங்கால் உடம்பில் ஏறும் துளி கரண்ட்டே அதற்குத் தாராளம்.

கூடத்தில் "பேய் மிஷின்" என்று அறிவித்தேன். அக்கா வீட்டுக்காரர் பக்கம் டப்பாவை நீட்டி, விரலை வைத்தேன். எரிந்தது.

"மாமா, உங்க பக்கத்துலதான் நிக்குது. ஜாஸ்தி அசையாதீங்க!"

"அடப் போடா, அது உங்க அக்காடா."

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "பின்னாடி வா தம்பி. அங்க வந்து காட்டு," என்றார்.

தூறல் அப்போதுதான் விட்டிருந்தது. பகலே சாயங்காலம் மாதிரி இருண்டிருந்தது. குளியலறைத் தகரக் கூரையிலிருந்து தென்னை மரம் வரைக்கும் இழுத்துக் கட்டிய கொடிக்கம்பி, துணி ஒன்றுமில்லாமல் வெறுமனே கிடந்தது. நான் மந்திரவாதி மாதிரி டப்பாவை நீட்டிக்கொண்டு நடந்தேன். கம்பிக்கு ஒரு முழம் இருக்கும்போது விளக்கு எரிந்தது.

நான் விரலை வைக்கவே இல்லை.

ஓரடி பின்னால் போனேன். அணைந்தது. முன்னால் வந்தேன். எரிந்தது. பிடரி மயிர் சிலிர்த்துவிட்டது. காற்றுகூட இல்லை. அத்தை என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "சொன்னேன்ல. இருக்கா."

அந்த நேரம் பார்த்து அக்கா ஈரத்துணி வாளியோடு வந்தாள். வெறுங்காலோடு தேங்கிய தண்ணீரில் நின்று கம்பியை நோக்கிக் கையைத் தூக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் டப்பாவுக்குப் பேயைத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, தொடாத! கம்பியில கரண்ட்டு!"

"போதும்டா உன் நாடகம். துணி நாறுது."

"மாமா, மெயினை ஆஃப் பண்ணுங்க!"

வாசற்படியில் நின்றிருந்த மாமா கைதட்டினார். "மச்சான் என்னமா நடிக்கிறான் பாரு!"

பிறந்ததிலிருந்து நான் செய்த கிண்டலெல்லாம் சேர்ந்து அன்று என் வாயைப் பொத்தியது. ஓடிப்போய் அக்காவை ஒரே தள்ளு. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

"பைத்தியமாடா உனக்கு?" என்று பளாரென்று ஒரு அறை விட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் அதை அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா ஓடிப்போய் மெயினை அணைத்தார். டப்பாவைக் கம்பியோரம் நீட்டினேன், விளக்கு எரியவில்லை. "இப்ப போடுங்க" என்றேன். எரிந்தது.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்தார். குளியலறை பல்பு ஒயர் தகரத்தில் உரசித் தோல் உரிந்திருந்தது. கொடிக்கம்பியும் அதே தகரத்தில்தான் கட்டியிருந்தது.

"கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிருக்கு. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு தொட்டதால பொழச்சீங்கம்மா," என்று அத்தையிடம் சொன்னார். "இந்த மழைத் தண்ணியில வெறுங்காலோட தொட்டிருந்தா அவ்ளோதான்."

எல்லாம் சரிசெய்து அவர் போனதும் அத்தை பின்பக்கம் போனார். ஏதாவது கிண்டல் செய்து சிரிக்க வைக்கலாம் என்று நானும் பின்னாலேயே போனேன். அவர் கம்பியை ஒரு கையால் பிடித்தார். அப்படியே நின்றார். இன்னொரு கையையும் வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே தம்பி," என்றார். "தெனம் இங்க நின்னுதான் அவகிட்ட பேசுவேன்."



அந்த டப்பாவில் அப்புறம் நான் பேட்டரி போடவில்லை. என் அக்காவை எனக்குத் திருப்பிக் கொடுத்த அதே மூன்று டிரான்சிஸ்டர்தான் அத்தையிடமிருந்து அவர் மகளை இரண்டாவது தடவையாகக் கொண்டுபோனது என்பது, யாரையாவது கிண்டல் செய்ய வாயெடுக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என் நாக்கைப் பிடித்து நிறுத்துகிறது.