குளிப்பறை கேட்டு எழுதிய மனு

எங்கள் கம்பத்தில், வாடகை நிலத்தில் நாங்களே பலகை வீடு கட்டிக்கொண்ட அந்தக் குடியிருப்பில், நாற்பது வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். அது கம்பத்துக்குள்ளேகூட இல்லை. ஆயர் ஈத்தாம் போகும் பெரிய சாலையின் ஓரத்தில், டிராம் தண்டவாளத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றது. ஆண்கள் அங்கே குளித்துவிட்டுப் போவார்கள், அதில் ஒரு சிக்கலும் இல்லை. பெண்கள் நாங்கள் மார்புக்கு மேல் கைலியை ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்போம். வண்டிச் சத்தம் கேட்டால் முதுகைக் காட்டித் திரும்பி நிற்போம். எங்களுக்கு இருந்த மறைவு அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, டிராமில் போன ஒருவன் எங்கள் பக்கமாக ஒரு காசை விட்டெறிந்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் எதிர்வீட்டு அக்கா, சலவைத் தொழிலாளியின் மனைவி, தலையில் சீயக்காயோடு இருந்தவர், அந்தக் காசைப் பொறுக்கி டிராமைத் துரத்திக்கொண்டு ஓடினார். ஈரக் கைலியோடு ஓடி, காசை அவன் முகத்துக்கு நேரே திருப்பி எறிந்தார். பிறகு குழாயடிக்கு வந்து, மிச்ச சீயக்காயைத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த டிராமில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

"நாலு பக்கமும் பலகை அடிச்சு ஒரு குளிப்பறை இருந்தா போதும்," என்றார் அக்கா மறுநாள். "நம்ம ஆம்பளைங்களே கட்டிடுவாங்க. குழாய உள்ளுக்கு இழுத்துவிடத்தான் ஆள் இல்ல."

டவுனில் வேறொரு கம்பத்துக்காரர்கள் முனிசிபாலிட்டிக்கு மனுப் போட்டு, உதவிப்பணம் வாங்கி, சிமெண்டுத் தரையோடு குளிப்பறை கட்டிக்கொண்டதாக என் வீட்டுக்காரர் டிராம் கொட்டகையில் கேள்விப்பட்டு வந்தார். மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும். குடியிருப்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும். எங்கள் கம்பத்தில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் பியூனாக இருந்தார். அங்கே பார்த்ததை வைத்து, பெண் பிள்ளையானாலும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று பிடிவாதமாக இருந்து, ஐந்தாம் வகுப்பு வரை என்னைப் படிக்க வைத்தார்.

மனுவை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. சமைத்து முடித்த பிறகு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வைத்து எழுதுவேன். உள்ளதை உள்ளபடி எழுதினால் துரைமார் மனம் இரங்குவார்கள் என்று நம்பினேன். எங்கள் சாக்கடை எப்படி வீட்டு வாசலிலேயே தேங்கி நிற்கிறது, மழை பெய்தால் கக்கூஸ் தண்ணீர் எப்படிப் படி ஏறி வருகிறது, குழந்தைகளுக்கு வருஷம் முழுக்க எப்படிச் சொறியும் பேதியும் வருகிறது, பிள்ளை பெற்ற உடம்போடு ஒரு பெண் எப்படி நடுச்சாலையில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, எல்லாம் எழுதினேன். கடைசிப் பத்தியில் மட்டும் கேட்டேன்: ஒரு குளிப்பறை, உள்ளே ஒரு குழாய், கட்டுகிற உழைப்பு எங்களுடையது. இப்போது யோசித்தால், அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை.

எழுதியதை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அண்ணன் டவுனில் ஒரு வக்கீலிடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். வெள்ளைக் கோட்டு, முறுக்கிய மீசை, கைவசம் ஒரு டைப் மிஷின். அப்பா இறந்த பிறகு எனக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தவர் அவர்தான். அவர் சொல்லி நான் தட்டிய விஷயம் ஒன்றுகூட இல்லை.

நின்றபடியே முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதிருக்கம்மா," என்றார். "எங்க கிராணிங்க ஒருத்தனும் இப்படி எழுதமாட்டான். ஆனா கைல எழுதினத அங்க யாரும் தொடமாட்டாங்க. நான் டைப் அடிச்சுத் தர்றேன்."

"கையெழுத்து அண்ணே?"

"அதத் தனித் தாள்ல வாங்கிக்க. ரேகை வைக்கிறவங்க மையக் கொட்டி மனுவப் பாழாக்கிடுவாங்க. நீ ரேகைத் தாளுக்கு மேல உன் கையெழுத்தப் போட்டு, எல்லாரும் உன் முன்னால வச்சதுன்னு மட்டும் எழுது. நான் மனுவோட சேத்துத் தச்சுடறேன். நிலத்துக்காரர் சம்மதத்தையும் நானே வாங்கறேன். அவரு எங்க வக்கீலோட கட்சிக்காரருதான்."

இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மூன்று நாள் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் மனுவைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். சிலர் பாதியிலேயே, "போதும் தங்கச்சி, எங்க வைக்கணும் சொல்லு," என்றார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, பெருவிரலை மையில் அழுத்தி, தாளில் வைத்து, எடுத்துப் பார்த்தார்.

"இது நான்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"உங்க ரேகை மாதிரி இன்னொரு ரேகை உலகத்துல இல்லக்கா."

அவருக்கு அது பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு அதையே சொன்னார்.

ரேகைத் தாளை அண்ணனிடம் கொடுத்த பிறகு இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. போகும்போதெல்லாம் அண்ணன், "கமிட்டில இருக்கு, ஆகும்," என்பார். இதற்கிடையில் ஆண்கள் பலகை சேர்க்க ஆரம்பித்தார்கள். மாட்டுவண்டி ஓட்டுபவர் ஒருவர் பழைய கொட்டகை ஒன்றைப் பிரித்த இடத்திலிருந்து நல்ல மரமாக ஆறு கால் கொண்டுவந்து போட்டார். குளிப்பறை எந்த இடத்தில் வரும், கதவு எந்தப் பக்கம் பார்க்கும் என்று பெண்கள் குழாயடியில் சண்டையே போட்டுக்கொண்டார்கள்.

பிறகு சுகாதார இலாகாவிலிருந்து ஒரு துரையும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். நாங்கள் சந்தோஷமாக எல்லாவற்றையும் காட்டினோம். சாக்கடையைக் காட்டினோம், கக்கூஸைக் காட்டினோம், பிள்ளைகளின் சட்டையைத் தூக்கி முதுகில் இருந்த சொறியைக் காட்டினோம். துரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது.

படித்துச் சொல்லச் சொல்லி எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். நான் ஒரு தடவை மனதுக்குள் படித்தேன். மறுபடியும் படித்தேன். இந்த வீடுகள் மனிதர் குடியிருக்கத் தகுதியற்றவை என்று போட்டிருந்தது. குடியிருப்பவர்கள் தாங்களே இதை ஒப்புக்கொண்டு, வீடுகளை அகற்றும்படி வேண்டிக்கொண்டிருப்பதால், மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று போட்டிருந்தது.

"என்ன தங்கச்சி, எப்பக் கட்டறாங்களாம்?" என்று கேட்டார் மாட்டுவண்டிக்காரர்.

எதையும் சரியாகச் சொல்லாமல், ஏதோ தவறு நடந்திருக்கிறது, ஆபீசில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வந்து பார்த்துவிட்டுப் போன அந்தத் துரையையே போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். கோப்பை எடுத்து மனுவை என் முன்னால் வைத்தார். அழகாக டைப் அடித்திருந்தது. முதல் இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை மாறாமல் நான் எழுதியது. சாக்கடை, கக்கூஸ் தண்ணீர், சொறி, பேதி. கடைசிப் பத்தியில் குளிப்பறை இல்லை. "ஆகவே இவ்வீடுகள் யாரும் வாழத் தக்கவை அல்ல என்பதை ஏற்று, இவற்றை இடித்துவிடும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறோம். வேறிடம் செல்ல எங்களுக்கு ஆட்சேபணை இல்லை." அதற்கடுத்த பக்கத்தில் நாற்பது வீட்டு ரேகைகள். அவற்றுக்கு மேலே என் கையெழுத்து.

"இது உங்கள் கையெழுத்துதானே?" என்று துரை கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

அங்கிருந்து நேராக வக்கீல் ஆபீசுக்குப் போனேன். அண்ணன் என்னை உள்ளே விடாமல், கைப்பிடித்து அஞ்சடிக்கு, கடைகளின் முன்னால் போகும் நடைபாதைக்கு, அழைத்து வந்தார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"மெதுவாப் பேசு. நீ எழுதுனதுல நான் ஒரு பொய் சேத்தேனா, சொல்லு. சாக்கட நாறுதுன்னு எழுதுனது யாரு? பிள்ளைங்களுக்குச் சீக்குன்னு எழுதுனது யாரு? எல்லாம் நீதான. கடைசிப் பத்திய மட்டுந்தான் மாத்துனேன்."

"கடைசிப் பத்திதான அண்ணே நாங்க கேட்டது."

அவர் குரலைத் தாழ்த்தி, நிலத்துக்காரர் அங்கே மாடி வைத்துக் கடைவீடுகள் கட்டப்போகிறார் என்றும், நாற்பது குடும்பத்தையும் வழக்குப் போட்டு எழுப்ப வருஷக்கணக்கில் ஆகும் என்றும், இப்போது அந்தத் தொல்லை யாருக்கும் இல்லை என்றும் சொன்னார். "ஒரு வீடு எனக்கு, ஒரு வீடு உனக்குன்னு பேசிருக்கேன். கொறஞ்ச வாடகை. உள்ளயே குழாய், உள்ளயே குளிப்பறை. உன்ன அந்தச் சேத்துல விட்டுட்டு நான் மட்டும் போவேன்னு நெனச்சியா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பாசம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. என்னை ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டு, நான் சந்தோஷப்படுவதற்காகக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

சாயங்காலம் குழாயடியில் எல்லோரையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். யார் செய்தது என்பதையும் மறைக்கவில்லை. மாட்டுவண்டிக்காரரின் மனைவி காறித் துப்பிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போனார்கள். எதிர்வீட்டு அக்கா மட்டும் நின்றார்.

"உனக்கு வீடு குடுக்கறாங்களாமே?" என்றார். அந்தச் செய்தி எனக்கு முன்னால் கம்பத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"குடுக்கறாங்கக்கா. நான் போகமாட்டேன்."

"நீ போனா என்ன, போகாட்டா என்ன," என்றார். "நீ படிச்சுக் காட்டுன. நான் கடைசிவரைக்கும் கேட்டேன். கேட்டுட்டுத்தான வச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏதோ கணக்குப் புரியாத பிள்ளை மாதிரிதான் சொன்னார்.

மறுபடியும் துரையிடம் போனேன். கடைசிப் பத்தி எங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். ரேகை வைத்தவர்கள் நேரில் வந்து சொன்னால் பதிந்துகொள்கிறேன் என்று ஒரு நாள் குறித்துக் கொடுத்தார். அதற்குள் நிலத்துக்காரரின் ஆள் கம்பத்துக்குள் வந்து, வீட்டைப் பிரித்து எடுத்துப்போக வண்டிச் செலவு தருவதாகச் சொல்லி, ஆண்களிடம் பேசிவிட்டுப் போயிருந்தான். அந்த நாளில் என்னோடு ஏழு பேர்தான் வந்தார்கள். புருஷன் போகக்கூடாது என்று தடுத்தும் அக்கா வந்தார். துரையின் மேஜைக்கு முன்னால் நின்று, தன் பெருவிரலை நீட்டிக் காட்டி, "நான் குளிக்க எடம் கேட்டுத்தான் வச்சேன்," என்று மலாயில் சொன்னார்.

துரை எழுதிக்கொண்டார். மனுவில் கோளாறு நடந்திருப்பதை நம்புவதாகவும் சொன்னார். ஆனால் இடத்தைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டதாகவும், பார்த்ததை இல்லையென்று இனி எழுத முடியாது என்றும் சொன்னார். மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கிக் கொடுத்தார். அதற்குமேல் அவர் கையிலும் எதுவும் இருக்கவில்லை.

கம்பம் கலைந்தது. சேர்த்து வைத்திருந்த பலகைகளை அவரவர் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்கா குடும்பம் சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போயிற்று. சலவைத் தொழிலை விட்டுவிட்டு அவர் புருஷன் பால் வெட்டப் போனார். கிளம்பும் அன்று அக்கா என் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் போய் வண்டியருகில் நின்றேன். அடுப்பும் பெட்டியும் ஏற்றியாகிவிட்டது. "உடம்பப் பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

கடைவீடுகள் எழும்பியதும் அண்ணன் ஆள் மூலம் சாவி அனுப்பினார். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் போக ஆசை. ஆசைப்படுவதில் என்ன தவறு? இரண்டு பிள்ளைகள், டிராம் சம்பளம்.

"திருப்பிக் குடுத்துடுங்க," என்றேன்.

"உங்க அண்ணன் மேல இருக்கற கோவத்துக்கு நம்ம பிள்ளைங்க என்ன பண்ணுச்சு?"

ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஆயர் ஈத்தாமில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியேறினோம். நான் நன்றிகெட்டவள் என்று அண்ணன் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொன்னதாகக் கேள்வி. நல்லது கெட்டதில் எதிர்ப்பட்டால் பேசிக்கொள்வோம், பிள்ளைகளை விசாரித்துக்கொள்வோம். என் வீட்டுக்கு ஒரு தடவை அவர் வந்தபோது, குடியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா உனக்கு இந்தப் பிடிவாதம்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். நான் காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் அந்தச் சாவியைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய மழை பெய்யும்போது மட்டும், கூரை ஒழுகும் இடத்துக்குப் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.