வாப்பாவின் கண் என்ன நிறம்?

எங்கள் வாப்பாவுக்குப் பூனைக்கண். அக்குறணையில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது, ‘பூனைக்கண் நானா’ என்றால்தான் தெரியும்; அண்ணனை நாங்கள் நானா என்போம். அந்தப் பட்டம் அவருக்குப் பிடிக்கவே இல்லையாம். சவூதியிலிருந்து அனுப்பிய போட்டோ எல்லாவற்றிலும் கூலிங் கிளாஸ். யாருடையதோ காரில் சாய்ந்துகொண்டு ஒரு சிரிப்பு வேறு. சின்னதில் அவற்றைப் பெருமையாகக் காட்டித் திரிந்தேன். இப்போது பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு படமாவது வெறும் முகத்தோடு எடுத்திருக்கக் கூடாதா மனுஷன்?

எனக்கு விவரம் தெரியுமுன்னே அவர் அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். போய் நிற்க அவருடைய கபுறுகூட ஊரில் இல்லை. அந்தக் கண்ணை ஒருதரம் பார்த்துவிட வேண்டும், என் ஆசை அவ்வளவுதான். உம்மாவிடம் கேட்டால், “தேன் நிறம் மகள்” என்பார். அதற்குமேல் ஒரு சொல் வராது.

எனக்கு வந்தது உம்மாவின் கறுப்புக் கண். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். கடும் நிறம் மேலே நின்றால் வெளிர் நிறம் தெரியாது, ஆனால் உள்ளே மறைந்திருந்து அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்று விளக்குவேன். ஒரு மரபணு மட்டுமில்லை, பல சேர்ந்து செய்கிற வேலை, உறுதியாகச் சொல்ல ஏலாது என்றும் சொல்லுவேன். சொன்ன வாய்க்குத் தெரியும், மனசுக்குத் தெரியவேண்டுமே! என் மகள் சாம்பல் நிறக் கண்ணோடு பிறந்தாள். அல்லாஹ்வே, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம்! “பூனைக்கண்ணா? பிறகு மாப்பிள்ளை தேடுறது கஷ்டம்” என்று மாமி முகம் சுளித்தார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதல் வயது முடியுமுன் அந்தக் கண்ணும் கறுத்துவிட்டது. பச்சைப் பிள்ளைக்கு நிறம் பிறகுதான் ஊறிவரும், எனக்குத் தெரியாததா? ஆனாலும் அழுதேன்.

பிறகு கண்டியில் ஒரு கல்யாணம். மணப்பெண் தேன் நிறக் கண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள்! லென்ஸாம். இப்போது மணப்பெண்களுக்கெல்லாம் அதுதானாம். வாப்பா வெட்கப்பட்டு ஒளித்த நிறத்தை இதுகள் கடையில் வாங்கிப் போடுதுகள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்றே விளங்கவில்லை.

அடுத்த கிழமையே டவுனுக்குப் போய், கண் டாக்டரிடம் காட்டி, நானும் ஒரு சோடி வாங்கினேன். போட்டதும் கண் எரிந்து தண்ணீராக ஓடியது. கண்ணாடியில் நின்றது யாரோ ஒருத்தி. இதுதான் அந்த நிறமா என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு.

உம்மா குசினியில் ஈரப்பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

“உம்மா, இங்க பாருங்க. இதானே வாப்பாட கண்?”

கையைத் துடைத்துவிட்டு என் நாடியைப் பிடித்து நிமிர்த்தினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

“தெரியா மகள்.”

“தேன் நிறம் என்டு நீங்கதானே சொன்னீங்க?”

“ஊர்ல சொன்னதத்தான் நானும் சொன்னேன். அவர் லீவுல வந்து நின்டதே கொஞ்ச நாள். அவர் என்னப் பார்த்தா நான் தலையக் குனிஞ்சிருவேன். புருஷன்ட முகத்த நேராப் பார்க்க அப்ப எங்களுக்கு அவ்வளவு வெட்கம், புள்ள.”

கண் எரிகிறது என்று லென்ஸில் கை வைத்தேன். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறு மகள். இப்பயாவது பார்க்கிறேன்.”