சம்பங்கி குத்திய நட்சத்திரம்

அரபிக்கடலுக்கு அடியில் இன்றைக்கு யார் மூச்சு விட்டாலும் அது எங்கள் சம்பங்கி தயவில் விடுகிற மூச்சுதான். இதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். கடல் பெரியது, அதற்குள் போய்வரும் சிலிண்டர்களில் சம்பங்கி கை வைத்தவை மொத்தம் எட்டு. ஆனால் எட்டு என்று ஆரம்பித்தால் யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்?

சம்பங்கி எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். பாகலூர்க்காரி, நாற்பது வயது. வீட்டில் தெலுங்கு, காய்கறிக் கடையில் கன்னடம், கோபம் வந்தால் தமிழ். கூந்தல் முழங்கால் வரைக்கும் வரும். சரி, இடுப்பு வரைக்கும். ஓசூர் சிப்காட்டின் பின்பக்கம் பூபதி என்பவர் நடத்தும் சிலிண்டர் பரிசோதனைப் பட்டறையில் அவளுக்கு வேலை.

இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. வெல்டிங் பட்டறை, ஆஸ்பத்திரி, தீயணைப்பு என்று எங்கே காற்றை அடைத்து வைத்திருந்தாலும், அந்தச் சிலிண்டரை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தரம் சோதித்தாக வேண்டும். அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் கொடுத்து, அதற்கு மேலும் அழுத்துவார்கள். மயிரிழை அளவு உப்பி, அழுத்தத்தை விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் பாஸ். உப்பியது உப்பியபடி நின்றால் ஓட்டை போட்டுப் பழைய இரும்புக்குத் தள்ளிவிடுவார்கள். பாஸானதைக் காயவைத்து, உள்ளே சின்ன பல்பை இறக்கித் துரு பார்த்து, வால்வைத் திரும்பப் பூட்டி, தோள்பட்டையில் மாதமும் வருஷமும் சுத்தியலால் குத்துவார்கள். கடைசியில் சோதித்தவரின் அடையாளம். அந்தப் பட்டறையில் வட்டம், முக்கோணம், நட்சத்திரம் என்று மூன்று அடையாளங்கள். நட்சத்திரம் சம்பங்கியுடையது.

அந்த நட்சத்திரத்தைக் குத்தும் இரும்புப் பஞ்ச் சுண்டுவிரல் நீளம்தான். அது கைக்கு வருவதற்கு முன் அவள் ஒன்பது வருஷம் பெயிண்ட் அடிக்கும் பகுதியில் இருந்தாள். பஞ்ச் பிடிக்கும் பெண் அங்கே அவள் ஒருத்திதான். தினமும் அதை மஞ்சள் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசி டப்பாவுக்குள் வைப்பாள். கொலுசைக்கூட அவள் அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

சென்ற மாசி மாதம் அந்தப் பஞ்சுக்கு ஆபத்து வந்தது. கர்நாடகக் கடற்கரையில், சிலிண்டரை முதுகில் கட்டிக் கடலுக்குள் கூட்டிப்போகும் ஸ்கூபா கடை நடத்தும் ஹரீஷ்குமார் பட்டறைக்குப் போன் செய்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, அந்தக் கடையை வேறொருவரிடமிருந்து வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

“பூபதி சார், நீங்க டெஸ்ட் பண்ணி அனுப்பின எட்டு சிலிண்டரும் லீக். தரையில கேஜுல அழுத்தம் இருநூறு பார் காட்டுது. கடல்ல இறங்கி அஞ்சு நிமிஷத்துல நூத்தி எழுபதுக்கு வந்துடுது. ஒரு மணி நேரம் வரணும், முக்கால் மணியில எல்லாரும் மேல வந்து நிக்கறாங்க.”

பூபதி பதிவேட்டைப் பிரித்தார். எட்டிலும் நட்சத்திரம்.

“ஏம்மா சம்பங்கி, இது நெசமா இருந்தா பஞ்சைக் குடுத்துட்டு பழையபடி பெயிண்டுக்குப் போயிரு. வேற என்ன நான் சொல்றது?”

“ஒண்ணு கசியும்ணா. ரெண்டு கசியும். எட்டும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே அளவா கசியுமா?”

“அவரு பாத்துட்டுப் பேசறாரு. நீ பாத்தியா?”

போனில் இருந்த ஹரீஷ்குமார் சிரித்தார். “நம்பிக்கை இல்லன்னா வந்து முங்கிப் பாக்கச் சொல்லுங்க சார். ஃப்ரீயாவே கூட்டிட்டுப் போறேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். சம்பங்கி அன்று மாலையே பை எடுத்து வைத்துவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு ஆள் வேண்டுமே என்று நான் மிகுந்த தயக்கத்துடன் சம்மதித்தேன். தயங்கிய நேரம் அரை நிமிஷம் இருக்கும்.

அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். மீன்பிடி ஊர், எதிரே கால் மணி நேரப் படகுத் தொலைவில் சின்னத் தீவு. தீவின் ஓரம் பவளத்திட்டு. திட்டை ஒட்டி, எப்போதோ மூழ்கிய சரக்குப் படகு ஒன்று பத்து மீட்டர் ஆழத்தில் சாய்ந்து கிடக்கிறதாம். இரண்டையும் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து கூட்டம் வருகிறது.

முதல் நாள் நீச்சல் குளத்தில் பயிற்சி. கற்றுக்கொடுத்தவர் திம்மப்பன், கடையின் பழைய ஆள், கடலிலேயே பிறந்து கடலிலேயே நரைத்தவர். சம்பங்கியின் கூந்தலைக் கொண்டையாக்கித் தொப்பிக்குள் அடைக்கவே அரை மணி நேரம் போயிற்று. பிறகு தண்ணீருக்குள் போனாள். போனவள் வாயில் காற்றுக்குழாய் இருந்தும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாகலூர்க் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்து, அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டிய பெண். தண்ணீர் என்றால் மூச்சைப் பிடி என்பது அவள் உடம்பில் ஊறியிருந்தது.

திம்மப்பன் அவளை மேலே இழுத்தார். “ஏனம்மா, முதுகுல அவ்ளோ காத்தைச் சுமந்துக்கிட்டு எதுக்கு உபவாசம் இருக்கே? உசிரு விடு!”

“உசிரையா விடச் சொல்றீங்க?” என்று நான் கரையிலிருந்து பதறினேன்.

“அவ்வா, கன்னடத்துல உசிருன்னா மூச்சு. நீங்க சும்மா இருங்க” என்றாள் சம்பங்கி. அவள் வீட்டுத் தெலுங்கில் அவ்வா என்றால் பாட்டி.

மறுநாள் காலை கிளம்பினோம். அலை ஒவ்வொன்றும் கிருஷ்ணகிரி மலை உயரம். வேண்டாம், ஆட்டோ உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் படகின் பலகையில் நீட்டிப் படுத்து, மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தப் படகில் நடந்ததில் பாதிக்கு நான் சாட்சியில்லை.

இறங்கியவர்கள் எட்டுப் பேர். வந்தவர்கள் நால்வர், ஒவ்வொருவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் என நால்வர். எட்டுப் பேர் முதுகிலும் நட்சத்திரம் குத்திய எட்டு சிலிண்டர்கள். சம்பங்கி கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. அவளுக்குப் பின்னால் திம்மப்பன்.

கீழே அவள் பார்த்ததை அவளே பிற்பாடு எனக்குச் சொன்னாள். பவளம் மஞ்சளாகவும் ஊதாவாகவும் காலிஃபிளவர் வயல் போலப் பரந்து கிடந்தது. மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். சம்பங்கி முன்னால் போகிறவரின் சிலிண்டர் கழுத்தைப் பார்த்தாள். அடுத்தவரின் பக்கம் போகும்படி திம்மப்பனுக்குக் கை காட்டினாள். அந்தக் கழுத்தையும் பார்த்தாள். நடுவில் ஓர் ஆமை வந்து அவளுக்கும் சிலிண்டருக்கும் இடையே நிதானமாக நீந்தியது. ஆயிரக்கணக்கில் செலவழித்தும் சிலருக்குக் கிடைக்காத தரிசனம். இவள் அது எப்போது நகரும் என்று காத்திருந்தாள். என் கணக்கில் அந்த ஆமை அவளுக்கு வணக்கம்கூடச் சொல்லியது.

பிறகு மூழ்கிய படகு. மேல்தளம் முழுக்கப் பாசியும் பவளமும்; ஜன்னல் ஓட்டையில் வரிவரியாக மீன் குடும்பம். மற்றவர்கள் கைகட்டி மிதந்தார்கள். சம்பங்கி தகட்டைப் பார்த்தாள். உள்துரு. பக்கவாட்டில் பிளவு. வெல்டிங் விட்டுப்போன மூலை. மனத்துக்குள் ஃபெயில் போட்டுவிட்டு அடுத்த சிலிண்டரிடம் போனாள்.

தன் கேஜையும் அவள் பார்க்கத் தவறவில்லை. இருநூறில் இறங்கியவள். ஹரீஷ்குமார் சொன்னது பொய்யில்லை. சில நிமிஷத்துக்குள் நூற்றெழுபதை ஒட்டி முள் நின்றது. அதற்குப் பின் முறையாக, மெதுவாகத்தான் இறங்கியது.

மேலே வந்ததும் நான் பழத்தை நகர்த்திவிட்டுக் கேட்டேன். “என்னடி பாத்த?”

“பாத்த வரைக்கும் ஒரு குமிழி இல்ல அவ்வா. கேஜு மட்டும் இறங்குது.”

அதற்குள் திம்மப்பன் அவளைப் படகின் பின்பக்கம் கூப்பிட்டார். இருவரும் கன்னடத்தில் என்னவோ பேசினார்கள், ஹரீஷ்குமாரும் போனார். எனக்கு அடுத்த அலை வந்தது. படுத்துவிட்டேன்.

கரைக்கு வந்ததும் ஹரீஷ்குமார் கேட்டார். “சரி, லீக்கு காரணம் இல்ல. அப்ப முப்பது பார் காத்து எங்க போச்சு? நீங்களே சொல்லுங்கம்மா.”

பட்டறையில் சம்பங்கிக்குத் தண்ணீரோடுதான் வேலை. காற்றை நிரப்புவது வாடிக்கையாளர் பாடு. பதில் இல்லாமல் ஊர் திரும்பினால் பூபதி கையை நீட்டுவார். பெயிண்ட் டப்பா காத்திருக்கும்.

கடையின் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தோம். விடிகாலையில் தங்கிய இடத்தின் அடுப்பில் அவள் கிளறிய புளிசாதம். ஆவி பறக்கப் பறக்க எவர்சில்வர் டப்பாவில் அடைத்திருந்தாள். இப்போது மூடி திறக்கவில்லை. அவள் முயன்றாள், நான் முயன்றேன், ஹரீஷ்குமார் முழங்காலில் இடுக்கி முயன்றார்.

“சூடா அடைச்சா இப்டித்தான் சார். ஆறினா மூடி உள்ள இழுத்துக்கும்” என்றவள் பாதியில் நின்றாள். டப்பாவை வைத்தாள். எழுந்து, கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்த மூலைக்குப் போனாள். மத்தியானக் கூட்டத்துக்காக அவசரமாக நிரம்பிக்கொண்டிருந்த சிலிண்டரில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்து உதறினாள்.

“சார், எவ்ளோ நேரத்துல ரொப்பறீங்க?”

“சனி ஞாயிறு நாலு பேட்ச்சும்மா. கடகடன்னு ரொப்பினாத்தான் ஆகும்.”

“தோசைக்கல்லு மாதிரி சுடுது. சுடச்சுட இருநூறு. கடல்ல போட்டா ஆறாதா?”

அந்தச் சிலிண்டரை இருநூறு காட்டியதும் மூடச் சொன்னாள். ஒருவரும் மூச்சு விடவில்லை, வால்வைத் தொடவில்லை. கழுவுகிற தொட்டித் தண்ணீரில் அதைக் கிடத்தினார்கள். நாங்கள் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்து புளிசாதத்தை முடித்தோம். பிறகு கேஜ் மாட்டிப் பார்த்தபோது நூற்றெழுபத்தேழு. தொட்டியில் ஒரு குமிழி கிடையாது.

“காத்து எங்கயும் போகல சார். ஆறிப்போச்சு. அவ்ளோதான்.”

ஹரீஷ்குமார் கேஜைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். திம்மப்பன் மெல்லச் சொன்னார்: “பழைய ஓனர் சாயங்காலம் மெதுவா ரொப்புவாரு. காலையில திரும்பக் கொஞ்சம் ரொப்புவாரு.”

“இத ஏன் என்கிட்ட சொல்லல?”

“அவரு ஏன் அப்டி செய்யறாருன்னு எனக்குத் தெரியாதே சார். சும்மா பக்தின்னு நெனச்சேன்.”

அன்று மாலை தொட்டித் தண்ணீரில் நிற்கவைத்து மெதுவாக நிரப்பினார்கள். மறுநாள் கடலுக்குள் போயும் முள் இருநூறை விட்டுப் பெரிதாக இறங்கவில்லை. ஹரீஷ்குமார் சம்பங்கியை இன்னொரு முறை வற்புறுத்தி இறக்கினார். இந்தத் தடவை மீனைப் பார்க்க வேண்டும், கழுத்தைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை. மேலே வந்தவளுக்கு ஓசூர் வரும்வரை வாய் ஓயவில்லை. பேரிகைப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் எத்தனை நிற ரோஜா உண்டோ அத்தனை நிறத்திலும் மீன் உண்டாம். நான் தூங்குவதுபோல் நடித்தேன். இன்னொருவர் கதை விடும்போது கேட்டுக்கொண்டிருப்பது எனக்குக் கடினம்.

பஸ்ஸில் வரும்போதே பூபதிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் சொன்னதன் கடைசி வரி என் காதிலும் விழுந்தது: “பஞ்ச் உன்கிட்டயே இருக்கட்டும்மா.” ஆக, எட்டு சிலிண்டரும் குற்றமற்றவை என்று கடலே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டறையிலிருந்து வந்தவள் தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் கேட்டாள். ஆமை வணக்கம் வைத்த இடத்தில் சிரித்தாள். முடித்ததும் காகிதத்தில் கடைசி வரியின் மேல் விரலை வைத்தாள்.

“அலை ஆட்டோ உசரம்னு எழுதிக்கங்க அவ்வா. ஆமை கை குடுத்துச்சுன்னு கூட எழுதிக்கங்க. எட்டும் நல்லாருந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. ஏழு. என் முதுகுல இருந்தத நான் எப்டி பாக்கறது? திம்மப்பண்ணாதான் பின்னால இருந்து பாத்தாரு, வால்வு கழுத்துல ஊசிமுனை மாதிரி ஒரே ஒரு குமிழி வரிசை. படகுலயே கழட்டிப் பாத்தோம். ஓரிங்குல, அந்த ரப்பர் வளையத்துல, ஒரு முடி சிக்கியிருந்துச்சு. இந்த நீளம். வேற யாருது? அப்பவே ஹரீஷ் சார்கிட்ட சொன்னன், பூபதியண்ணாகிட்டயும் சொன்னன். நீங்க கேட்டது அதுக்கு அவரு சொன்ன பதிலு. அப்புறந்தான் இந்தத் துணி கட்டிக்கினு வால்வு பூட்டறன். ஏழு சரி, ஒண்ணு என் தப்பு. அடிச்சுட்டுத் திருத்தி எழுதுங்க.”