தெரசாள் வீட்டு அங்கணம்

எங்கள் வரிசை வீடுகளில் யார் அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற அங்கணம் அடைத்தாலும் பழி தெரசாள் தலையில்தான் விழும். காரணம் கேட்டால், அவள் கருவாடு கழுவுகிறாளாம். கழுவாமல் எந்த மகராசி குழம்பு வைத்தாள்? நானும்தான் கழுவினேன், என்னை ஒருவரும் கேட்டதில்லை. அவள் திருச்சுழிப் பக்கம் கூலிக்குக் களையெடுத்த குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி, அருப்புக்கோட்டைக்குப் பிழைக்க வந்து பஞ்சுப்பேட்டையில் பருத்திக்கொட்டை பிரிக்கிற வேலை பார்ப்பவள். குற்றம் சொல்ல அது போதாதா?

உள்ளதைச் சொன்னால், அங்கணத்தை அவளைப்போல் வைத்திருந்தவர்கள் எங்களில் யாருமில்லை. ஓட்டையின்மேல் துளைபோட்ட சிரட்டையைக் கவிழ்த்திருப்பாள். கழுநீரும் காய்த்தோலும் எங்கள் வரிசையிலேயே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் பொன்னுச்சாமியின் எருமைக்குப் போகும். கருவாட்டுத்தலை கோழிக்கு. பாத்திரம் விளக்கிய சாம்பல் குப்பைக்குழிக்கு. வெறும் தண்ணீர்தான் குழாயில் இறங்கும். நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பின்பக்கம் புதைத்திருந்தது ஒரே மண்குழாய்.

உலகச் சண்டை முடிந்தும் தானியக் கட்டுப்பாடு முடியாத வருஷம் அது. கேழ்வரகுக்குக்கூட வரிசையில் நின்றோம். ஐப்பசியில் ஒருநாள் அழுக்குத் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு நாலு அடுப்படியிலும் ஏறிவிட்டது. பொன்னுச்சாமி தெருவில் நின்று கத்தினார்.

"கருவாட்டுச் செதில உள்ள தள்ளுனா அடைக்காம என்ன செய்யும்? ஏ தெரசா, ஞாயித்துக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணு!"

அவள் புருஷன் செல்வதுரை அப்போதே பாயைச் சுருட்டப் போய்விட்டான். அவர்களுக்கு வேறு எவன் வீடு தருவான்?

தெரசாள் அழவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூங்கில் பிளாச்சோடு பின்பக்கம் போனாள். குழாய் வாயில் படுத்துக் குத்தினாள், அசையவில்லை. கொதிநீரை ஊற்றி ஊறவிட்டு, மறுபடி குத்தி இழுத்தாள். வந்தது செதில் இல்லை. புளித்த கஞ்சிப்பசை, கட்டிகட்டியாக. அதற்குள் சிவப்புச் சாயநூல் துணுக்குகள். வரிசையில் தறி இருந்தது பொன்னுச்சாமி வீட்டில் மட்டும்தான்.

எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. முந்தின வாரம் அவர் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மிச்சக் கஞ்சி புளித்துப்போனது. சாயம் கலந்ததை எருமைக்கு வைக்க முடியாது. தெருவில் கொட்டினால், தானியத்துக்கு வரிசையில் நிற்கிற ஊர் காறித் துப்பும். யாருக்கும் தெரியாமல் அங்கணத்தில் போய்விட்டது. அதோடு விடாமல் பழியையும் இவள்மேல் போட்டார். என்ன நெஞ்சழுத்தம்!

தெரசாள் அந்தப் பசையை ஓலைப்பெட்டியில் அள்ளி அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

"இதுல கருவாடு எங்க அண்ணாச்சி இருக்கு? எம்பிள்ளைக கூழுக்கு ஏங்குதுக. நீங்க பானையோட கஞ்சிய ஊத்திப்புட்டு எம்பேரச் சொல்றீகளே!"

"சரி சரி, நீ இருந்துக்கோ," என்றார் அவர், ஏதோ தானம் கொடுப்பதுபோல்.

"இருக்கிறது இருக்கட்டும். தெருவுல நின்னுதான சொன்னீக? அடைச்சது தெரசா இல்லன்னு தெருவுல நின்னு சொல்லுங்க."

அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கொத்தனாரைக் கூட்டிவந்து, அவள் வீட்டு அங்கணத் தண்ணீர் வெளியே வருகிற ஓட்டையை மட்டும் காரை பூசி அடைத்தார். "இனிமே அடைக்காதுல்ல?" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பு வேறு.

பொழுது சாய தெரசாள் வந்து பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன், பொன்னுச்சாமியின் மனைவி ஜக்கம்மாள் உலக்கையோடு வந்தாள். புருஷனை எதிர்த்து அவள் ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஈரம் காயாத காரையை ஒரே இடியில் பெயர்த்தாள்.

"கஞ்சிய ஊத்துனது நாங்க! இவுக சொல்லி எங்கையாலதான் ஊத்துனேன். அடைக்கிறதா இருந்தா எங்க வீட்டு ஓட்டைய அடைங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. தெரசாள் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே குனிந்து, உதிர்ந்த காரையைக் குழாய்க்குள் விழவிடாமல் இரண்டு கையாலும் அள்ளினாள்.