ஏழாவது ஆள்

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் செத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். நல்ல வெயில். மழை பெய்திருந்தாலாவது மழையில் பழியைப் போட்டிருக்கலாம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தில் அப்படியொரு வெயில் வருடத்தில் எத்தனை நாளைக்கு வருகிறது? அது கூட எங்களுக்கு ஒரு சாட்டு இல்லாமல் செய்வதற்கென்றே வந்தது.

கழகத்தைத் தொடங்கியவர்களில் நானும் ஒருவன். அகதிகளாக வந்து, மொழிப் பள்ளிக்கூடமும் தொழிற்சாலையுமாக அலைந்த காலம். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் கூடினோம். முதல் கூட்டத்தில் பந்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பெயர் வைப்பதிலேயே பொழுது போய்விட்டது. அங்கே எங்கள் நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு கழகம் இருந்ததல்லவா, ஒவ்வொருவனும் தன் ஊர்க் கழகத்தின் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் எந்த ஊரும் இல்லாத ஒரு பெயரை வைத்தோம். அது பொறுக்காமல் சில வருடங்களில் பாதிப் பேர் பிரிந்துபோய், இதே நகரத்தில் இன்னொரு கழகம் தொடங்கினார்கள். ஒரு கழகத்துக்கே ஆள் காணாத இடம் இது. கேட்டால் கொள்கை என்றார்கள். என்ன கொள்கையோ, மண்ணாங்கட்டி. அவர்களுடைய கழகம் இரண்டு கோடையைத் தாண்டவில்லை. போனவர்கள் வெட்கத்தில் எங்களிடம் திரும்பி வரவும் இல்லை.

நாங்கள் விளையாடியது ஆகக் கடைசிப் பிரிவில். ஒரே ஒரு வருடம் ஒரு படி மேலே ஏறினோம். அந்த முறை மைதானத்தின் கரையில் வைத்துக் கொத்துரொட்டி போட்டு, எதிரணிக்கும் கொடுத்தோம். அடுத்த வருடமே இறங்கிவிட்டோம். அதற்குப் பிறகு சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் டெனிஷ் கழகங்களுக்குப் போனார்கள். என் மகனும் போனான். ஏனடா எங்களோடு விளையாடினால் என்ன என்று கேட்டதற்கு, உங்கள் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்று டெனிஷில் பதில் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது.

கழகம் செத்த வருடம் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களுக்கு எங்களால் ஆள் சேர்க்க முடியவில்லை. மூன்றாவது முறையும் இறங்காவிட்டால் அணியைப் போட்டியிலிருந்து எடுத்துவிடுவோம் என்று உதைபந்தாட்டச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். பதினொரு பேர் கூடத் தேவையில்லை. ஏழு பேர் நின்றால் ஆட்டம் தொடங்கலாம், தோற்கலாம், கழகம் பிழைத்துக்கொள்ளும்.

வைபர் குழுவில் போட்டால் எல்லோரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்று, ஒவ்வொருவராக நானே தொலைபேசியில் எடுத்துக் கதைத்தேன். விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் கப்டன் பஸ் ஓட்டுகிறவன், நாற்பதைத் தாண்டியும் நல்ல ஓட்டக்காரன்.

"தம்பி, ஞாயிறு பதினொரு மணிக்கு மட்ச். இதை விட்டமெண்டால் கழகம் இல்லை. வருவியோ?"

"என்னண்ணை கேள்வி இது? கட்டாயம் வாறன். மட்சை முடிச்சுப்போட்டுத்தான் சாமத்தியவீட்டுக்கே போவன்."

அன்று மத்தியானம் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பிள்ளையின் சாமத்தியவீடு, பெரியபிள்ளையானதற்கு வைக்கிற சடங்கு. எனக்கும் அழைப்பு இருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பதினான்கு பேர் ஓம் என்று சொல்லியிருந்தார்கள். அதைக் குழுவிலும் எழுதிப் போட்டேன்.

டெனிஷ்காரனைக் கேட்டால், இல்லை, அன்றைக்கு நான் புல்லு வெட்ட வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லுவான். எங்களுக்கு அப்படி வராது. கேட்டவரின் மனம் நோகக்கூடாது. அதனால் முதலில் ஓம் என்போம், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம். முப்பது வருடமாக இந்தச் சனத்தோடு மாரடிக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? ஆனாலும் இந்த முறை நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்வது?

எங்கள் கோல்காப்பாளன் ஒரு டெனிஷ்காரன். இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று கத்தி பிடித்தவன், என் முகத்துக்காகக் கழகத்தில் சேர்ந்தவன். ஞாயிறு காலை நான் போனபோது அவன் வலையைக் கட்டி முடித்திருந்தான். பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு, நித்திரை கொள்ளாமல் ஒருவன் வந்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெடியன் ஒருவன் சைக்கிளில் வந்தான். நான் காற்சட்டையை மாற்றி, சத்திரசிகிச்சை செய்த முழங்காலில் பட்டியைச் சுற்றிக்கொண்டு ஆறாவது ஆளாக இறங்கினேன்.

கப்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கும் எடுத்தேன். நடுவர் வயதான மனிதர், நல்ல மனிதர். கால் மணித்தியாலம் பொறுக்கலாம் என்றார். பொறுத்தார். எதிரணிப் பெடியள் பந்தை உதைத்து சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கார் வரும்போதும் நாங்கள் ஆறு பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"பதினான்கு என்று சொன்னாயே" என்றான் கோல்காப்பாளன். கோபமில்லாமல்தான் கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை.

நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார், போனார். இறங்காத அணி தோற்றதாக, மூன்றுக்குப் பூச்சியம் என்று எழுதுவார்கள். நாங்கள் வலையைக் கழற்றினோம்.

வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாமத்தியவீட்டுக்குப் போனேன். போகாமல் விடுகிற துணிவு எனக்கும் இல்லை. கைப்பந்து விளையாடுகிற உள்ளரங்கை வாடகைக்கு எடுத்து அலங்கரித்திருந்தார்கள். வாசலில் வரவேற்றுக்கொண்டு நின்றவன் எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன். கார்களுக்கு இடம் காட்டியவன் இன்னொருவன். கமராவோடு ஒருவன், குசினிக்குள் சமையலில் இரண்டு பேர். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று சோறு பரிமாறிக்கொண்டிருந்தான் கப்டன். காலையிலிருந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்கள். பார்த்தும் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. கன்னத்தில் ஒன்று போட வேண்டும் போல இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

என்னைக் கண்டதும் கப்டனின் முகம் மலர்ந்தது.

"அண்ணை, மட்ச் என்ன மாதிரி? வெண்டதோ?"

"மூண்டுக்குச் சைபர். தோத்தாச்சு."

"பரவாயில்லை, விடுங்கோ. குறை நினைக்காதேங்கோ அண்ணை. நேற்றுப் பின்னேரம் பிள்ளையின்ர தேப்பன் எடுத்து, பல்லக்குத் தூக்க ஆள் காணாது எண்டு கேட்டவர். மாட்டன் எண்டு சொல்லேலாமல் போச்சு. பதினாலு பேர் சொன்னவங்கள்தானே, நான் ஒருத்தன் இல்லாட்டி என்ன எண்டு நினைச்சன். அடுத்த கிழமை கட்டாயம் நிப்பன்."

"அடுத்த கிழமை மட்ச் இல்லை."

"அப்ப அதுக்கடுத்த கிழமை?"

"அதுக்கடுத்த கிழமையும் இல்லை, தம்பி. இனி இல்லை."

அவன் கரண்டியைச் சட்டிக்குள் வைத்தான். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். வாசலில் நின்றவனை, கமராக்காரனை, குசினிக் கதவை. பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"எத்தினை பேர் வந்தவங்கள்?"

"என்னோட ஆறு."

எனக்குப் பின்னால் நின்ற பெண் தட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவன் அவளைக் கவனிக்கவில்லை.

"அப்ப ஒரு ஆள்தான் குறைஞ்சதோ அண்ணை?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஓம்" என்றேன். "ஒரு ஆள்தான்."