ராத்தாவின் கண்கள்

திருமண அழைப்பிதழின் மூலையில் கிடந்த பூவை ராத்தா மவுஸால் பிடித்து இழுத்தார். திரையில் அம்பு நகர்ந்தது, பூ நகரவில்லை. அவர் கையை எடுத்த பிறகு அது திக்கித் திக்கி வந்து மணமகளின் பெயர்மேல் ஏறி உட்கார்ந்தது. மறுபடி இழுத்தார், மறுபடியும் அப்படியே. பக்கத்தில் நின்ற மணப்பெண்ணின் வாப்பா பொறுமையிழந்து செருமினார். உடனே எங்கள் முதலாளி, “குறை நினைக்காதீங்க ஹாஜியார், எங்கட ராத்தாக்கு இப்ப கண் சரியாத் தெரியிதில்ல” என்றார். ராத்தாவின் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது.

முதலாளி அவருடைய கூடப்பிறந்த தம்பி. கல்முனையில் அவர்களுடைய வாப்பா தொடங்கிய அச்சகம் அது. வாப்பா மௌத்தான பிறகு, தம்பி வெளிநாட்டிலிருந்து திரும்பும்வரை கடையை விழாமல் பிடித்திருந்தவர் ராத்தாதான். பேனர் அடிக்கும் பக்கத்தில் வேலை செய்த நானும் அவரை அக்கா முறையில் ராத்தா என்றே அழைத்தேன். வடிவமைப்பு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய பிறகுதான் அந்தத் தாமதம் வந்தது. “புதுசு போட்டதிலருந்துதான் தம்பி இப்பிடி. ஆரையாச்சும் கூப்பிட்டுக் காட்டு” என்று அவர் பலமுறை கேட்டார். “புதுசு எப்பிடி மெதுவாகும்? வயசு போயிட்டு ராத்தா, அத ஒத்துக்கங்க” என்பதே பதில். கேட்டுக் கேட்டு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் குர்ஆனைக் கிட்டவும் எட்டவும் பிடித்து ஓதிப் பார்ப்பதாக என்னிடம் சொன்னார். “எழுத்தெல்லாம் தெளிவாத்தான் புள்ள தெரியிது. அப்ப கடையில மட்டும் ஏன் இப்பிடி?” அதற்குள் ராத்தாவுக்குக் கண் தெரியாதென்ற கதை பக்கத்து ஊர்களான மருதமுனை, சாய்ந்தமருது வரைக்கும் போயிருந்தது. ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழப் போனவர் கடைக்குத் திரும்பி வரவில்லை.

அவருடைய கதிரையில் என்னை உட்காரச் சொன்னார்கள். என் கைக்கும் படங்கள் பிந்தித்தான் வந்தன. தேடிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. கணினியில் படங்களை வேகமாகக் காட்டும் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் சிறு மென்பொருள் பழையதாகவே இருந்திருக்கிறது. புதிய பதிப்பு அதை ஏற்காமல், கார்டைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு வேலை செய்திருக்கிறது. பழையதை மாற்றி, கணினியை அணைத்து மறுபடி போட்டேன். இழுத்த இடத்துக்குப் படம் கையோடு வந்தது.

முதலாளி தானே இழுத்துப் பார்த்தார். “சரி, இப்ப ஓடுதுதானே.”

“ராத்தாவ வரச் சொல்லவா?”

“வேணாம். கண் தெரியலண்டு ஊரெல்லாம் சொன்னவன் நான். இப்ப மாத்திக் கதைச்சா ஆக்கள் என்னத்தான் ஏசுவாங்க.”

அன்று பின்னேரமே ராத்தாவின் வீட்டுக்குப் போனேன். மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பிக்குத் தெரியுமா?” என்றார்.

“ஓம்.”

“என்னய வரச் சொன்னானா?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கத்தியை மறுபடி எடுத்து, ஒரு செதிலும் மிஞ்சாமல் அந்த மீனைச் சுரண்டி முடித்தார்.

பிறகு நானும் அந்தக் கடையை விட்டுவிட்டேன். வேறு எந்த அச்சகமும் அவரைக் கூப்பிடவில்லை. கண் தெரியாதவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? போன கிழமை சந்தையடியில் அவரைக் கண்டேன். வீதிக்கு மறுபக்கம் நின்ற என்னை அவரும் கண்டு, தலையசைத்தார். அதற்குள் யாரோ ஒரு பெண், “கண் தெரியாதுதானே ராத்தா, வாங்க” என்று அவருடைய கையைப் பிடித்தாள். ராத்தா கையை உதறவில்லை. அவளோடு மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்து வீதியைக் கடந்தார். இரண்டு பக்கமும் ஒரு வாகனமும் வரவில்லை. அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.